நாலு பிஸ்டன் பிறேக்

ஆடி மாதத்தில் அரியாலைக் கிழக்கில் யாரும் வெள்ளைத் துணியை வெளியில் காயப்போட மாட்டார்கள். கடலேரிப் பக்கமிருந்து சோளகக்காற்று எழும்பினால் பின்னேரம் வரை ஓயாது. உப்பும் மணலும் சேர்ந்து வந்து குசினிச் சட்டிக்குள்ளும் விழும், கண்ணுக்குள்ளும் விழும். படலைக் கீல் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. சைக்கிள் சங்கிலி மழையில்லாமலே துருப்பிடிக்கும். அப்படிக் காற்று வீசிய ஒரு வியாழக்கிழமை காலையில்தான் ஜெரோசனுடைய நீலக் கார் குகதாசன் வீட்டு வளவுக்குள் வந்து நின்றது.

குகதாசனுக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் யாழ்ப்பாண நகரத்துக் கராச் ஒன்றில் வேலை செய்தவன். போன வருடம் சித்திரையில், அவன் எஞ்சினுக்குள் கை விட்டிருந்த நேரம் வண்டிக்குள் இருந்த ஒருவன் திறப்பைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டான். பெல்ற் இடது கையை இழுத்துக்கொண்டது. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. முதலாளி கெட்டவர் இல்லை. ஆறு மாதம் கழித்துக் குகதாசன் திரும்பிப் போனபோது வாசலில் ஒரு கதிரையும் கையில் ஒரு கொப்பியும் கொடுத்து, வருகிற வண்டிகளின் இலக்கத்தை எழுதச் சொன்னார். மூன்று கிழமை எழுதினான். நாலாம் கிழமை அவன் போகவில்லை.

அதற்குப் பிறகு வீடு ஓடியது அவன் மனைவி சுபாஜினியின் இடியப்பத்தில். விடிவதற்கு முன் எழும்பி, முந்நூற்றைம்பது இடியப்பம் பிழிந்து அவித்து, சம்பலும் சொதியும் வைத்து, ஆறரைக்குள் இரண்டு கடைகளுக்கும் ஒரு விடுதிக்கும் அனுப்பிவிடுவாள். தேங்காய் துருவுவதும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் குகதாசன். திரும்பி வந்து, மகள் கஜந்தினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு, அவனுக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். பிறகு மாமரத்துக்குக் கீழே இருந்த ஆயுதப் பெட்டியைத் திறந்து ஸ்பனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துத் திரும்ப அடுக்கி வைப்பான். அவற்றால் கழட்டுவதற்கு எதுவும் வந்ததில்லை.

ஜெரோசன் குருநகரைச் சேர்ந்தவன். முப்பது வயது. தகப்பன் சிமியோன் மூன்று வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி. வெளிநாட்டுக் கார் இறக்குமதி நின்றிருந்த வருடங்களில், கொழும்பில் கார் ஓட்டப்போட்டிக்கு ஓடிய ஒருவரிடம் ஜெரோசன் இந்தக் காரை வாங்கினான். சில்லுக் கம்பிகளுக்கு இடையால், பிறேக் பிஸ்டன்கள் இருக்கிற சிவப்பு நிறக் கலிப்பர் தெரியும். குருநகர்ப் பெடியள் அதைப் பார்க்கவென்றே குந்தியிருப்பார்கள். சாதாரணக் காரில் பிறேக்கை மிதித்தால் ஒரு பக்கத்திலிருந்து ஒரு பிஸ்டன், பாட் என்ற தேய்கட்டையைச் சில்லோடு சுற்றும் டிஸ்க் தகட்டில் தள்ளும். இதில் டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நாலு பிஸ்டன் சேர்ந்து நெரிக்கும்.

"அண்ணை, பிறேக் பிடிச்சால் கத்துது. இடப்பக்கம் இழுக்கிற மாதிரியும் கிடக்கு," என்றான் ஜெரோசன்.

குகதாசன் குந்திப் பார்த்தான். "பாட் வாங்கிப்போட்டியே?"

"கொழும்பிலையிருந்து பஸ்ஸிலை எடுப்பிச்சிட்டன். பூட்டத்தான் ஆளில்லை. ரவுணிலை ரண்டு இடத்திலை கேட்டன். ஒரு இடத்திலை, கலிப்பரைக் கழட்டிக் கொழும்புக்கு அனுப்பவேணும், பத்து நாள் செல்லும் எண்டினம். மற்ற இடத்திலை, நாலு பிஸ்டன் எண்ட உடனை ஏலாது எண்டிட்டினம்."

"உனக்கு எப்ப வேணும்?"

"நாளைக்குப் பின்னேரம். சனி விடிய ஹற்றனுக்குப் போறம். தங்கச்சி றஜிதாவின்ரை பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அப்பா, அம்மா, பெரியம்மா எல்லாரும் இதுக்குள்ளைதான்." அவனுடைய கண் குகதாசனின் இடது கையில் ஒருமுறை பட்டு விலகியது. "அப்பா வான் பிடிப்பம் எண்டுதான் நிண்டவர். நான்தான் சொன்னனான், குகதாசன் அண்ணை ஓம் எண்டால் காரிலை போவம், இல்லையெண்டால் வான் எண்டு."

ஹற்றன் வீதி முழுக்க மலை. ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதற்குப் பிறேக் வேண்டும்.

"விட்டிட்டுப் போ," என்றான் குகதாசன். "நாளைக்கு ஆறு மணிக்கு வா."

ஜெரோசன் போன பிறகு சுபாஜினி குசினி வாசலுக்கு வந்தாள். கையில் அரிசிமா ஒட்டியிருந்தது.

"கேக்காமலே ஓம் எண்டிட்டியள்."

"ஆரைக் கேக்கவேணும்?"

"உங்கடை கையைத்தான்."

அவன் மாமரத்தடிக்குப் போனான். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவன் ஆயுதப் பெட்டியைத் துடைப்பதற்கல்லாமல் திறக்கிறான் என்பதை அவள் கண்டாள்.

மணல் படாமல் மாமரத்துக்கும் மதிலுக்கும் இடையில் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டினான். ஜக் வைத்து உயர்த்தி, கீழே தாங்கி கொடுத்து, முன் இடது சில்லைக் கழட்டினான். பாட் இரண்டையும் கலிப்பருக்குள் பிடித்து வைத்திருப்பவை கம்பிபோன்ற இரண்டு நீளமான பின்கள். அவற்றை உப்பு தின்றிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் ஆணியைப் பிடித்து, வலது கையிலிருந்த சுத்தியலால் மெல்லத் தட்டினான். ஆணி வழுக்கியது. திரும்பப் பிடித்தான். திரும்ப வழுக்கியது. முன்பு ஐந்து நிமிடத்தில் செய்த வேலைக்கு ஒரு மணித்தியாலம் போனது. ஆனால் பின்கள் இரண்டும் வளையாமல், முறியாமல் வெளியில் வந்தன. அவற்றைத் துணியில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டை உருவி எடுத்தபோது அதில் மிஞ்சியிருந்தது ஒரு தீக்குச்சிக் கனம். பிஸ்டன் ஓரங்களைப் பழைய பல்லுத் துலக்கியால் சுரண்டிக் கழுவினான். அழுக்கோடு தள்ளினால் உள்ளே இருக்கிற சீல் றப்பர் கிழிந்துபோகும். பொனற்றைத் திறந்து, பிறேக் ஒயில் வழியாதபடி ஊசிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தான். இனிப் புது பாட் போகிறதற்கு இடம் வேண்டும். தேய்ந்த பாட்டுக்காக வெளியே வந்துவிட்ட பிஸ்டன்களைத் திரும்ப உள்ளே தள்ளவேண்டும்.

அங்கேதான் வேலை நின்றது.

பழைய பாட்டை வைத்து ஒரு முனையை மரத்துண்டால் நெம்பினால் அந்தப் பிஸ்டன் உள்ளே போனது, பக்கத்துப் பிஸ்டன் வெளியே வந்தது. அதைத் தள்ளினால் இது வந்தது. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் அமத்தவேண்டும். இடது கையை மடித்து முழங்கையால் அமத்திப் பார்த்தான். மரத்துண்டை நெஞ்சில் முட்டுக்கொடுத்துப் பார்த்தான். கராச்சில் இதற்கென்றே ஒரு ஆயுதம் இருந்தது. போய்க் கேட்டால் தருவார்கள். அந்த வாசற் கதிரையைக் கடந்து போய்க் கேட்கவேண்டும்.

பதினொன்றரை மணிக்கு மரத்துண்டு மதிலில் போய் மோதிய சத்தம் கேட்டுச் சுபாஜினி வெளியில் வந்தாள்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. நீர் போம்."

அவள் போகவில்லை. குந்தியிருந்து கலிப்பருக்குள் பார்த்தாள். "உது ரண்டையும் உள்ளுக்குத் தள்ளவேணுமோ?"

"ஓம்."

"ஒரே அளவாயோ?"

"ஓம் எண்டுறன். உமக்கு விளங்காது."

"எனக்கேன் விளங்காது? இடியப்ப உரலை ஒரு பக்கம் கூட அமத்தினால் மா மற்றப் பக்கத்தாலை பிதுங்கும். ரண்டு கையும் ஒண்டாய் இறங்கவேணும். ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது தரம் செய்யிறன்." அவள் கையை நீட்டினாள். "எங்கை பிடிக்கவேணும், சொல்லுங்கோ."

"வேண்டாம் சுபா."

"ஏன்?"

"ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்? குகதாசன் மனுசியை வைச்சு வேலை செய்யிறான் எண்டுவினம். நான் ஏலாதவன் எண்டு இப்ப பாதிச்சனம்தான் சொல்லுது."

சுபாஜினி நீட்டிய கையை மடக்கவில்லை. "தேங்காய் முழுக்க நீங்கள்தான் துருவித் தாறியள். கடைக்குக் கொண்டுபோறதும் நீங்கள்தான். சுபாஜினி புருசனை வைச்சு இடியப்பம் விக்கிறாள் எண்டு ஆர் சொன்னது? ஆரும் சொன்னாலும் எனக்கென்ன? முந்நூற்றைம்பதும் போய்ச் சேந்தால் சரி."

அவன் எழும்பிப் போய் மதிலடியில் கிடந்த மரத்துண்டை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான்.

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வாரும். மா ஒரு துளி உள்ளுக்குப் போகக்கூடாது."

அவள் கழுவி வந்து இருந்தாள். இரண்டு முனையிலும் இரண்டு மரத்துண்டு. தோளிலிருந்து பலம் இறங்கியது, முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிஸ்டன் இரண்டும் சத்தமில்லாமல், பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து உள்ளே போயின. குகதாசன் பொனற்றுக்குள் ஒயில் மட்டம் மெல்ல எழும்புவதைப் பார்த்தான்.

"நில்லும். இவ்வளவு காணும். இனி அங்காலைப் பக்கம்."

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து தலையை நீட்டினாள். இறால் விற்கிறவள். அந்த ஒழுங்கையில் நடக்கிறது எதையும் அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"என்ன பிள்ளை, கார் கழுவுறியோ?"

"இல்லை அக்கா. பிறேக் போடுறம்."

"ஆருக்கு?"

"காருக்குத்தான்."

தங்கமுத்து கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கவனம் பிள்ளை, உந்தக் கரி நகத்துக்குள்ளை போனால் லேசிலை போகாது," என்று சொல்லிவிட்டு மறைந்தாள்.

புது பாட்டின் முதுகில் மட்டும் மெல்லிசாய்க் கிறீஸ் பூசவேண்டும், டிஸ்க்கில் உரசுகிற பக்கத்தில் எண்ணெய் விரல் பட்டாலே கெட்டுப்போகும் என்று குகதாசன் சொன்னான். "அப்ப திரும்பக் கழுவவேணும்," என்று அவள் எழும்பிப் போய் மூன்றாம் தரமும் கை கழுவி வந்தாள். பின்கள் இரண்டையும் அவன் துலக்கி வைத்திருந்தான். அவள் பாட்டை நேராய்ப் பிடிக்க, அவன் பின்னைத் தட்டி ஏற்றினான். மத்தியானச் சோறு மூன்று மணிக்குத்தான் ஆனது. பாரைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும். பதினாலு மாதத்தில் அவன் இரண்டாம் முறை சோறு கேட்டது அன்றைக்குத்தான்.

ஐந்து மணியளவில் படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சுபாஜினி அப்போது கலிப்பரின் சிவப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெரோசன் போலை கிடக்கு," என்றான் குகதாசன். குரல் தணிந்தது. "நீர் உள்ளுக்குப் போம்."

அவள் அவனைப் பார்த்தாள். துணியை வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

குசினி யன்னலுக்குள்ளால் எல்லாம் கேட்டது.

"அண்ணை, ஒரு பக்கம் முடிஞ்சுதோ?"

"முடிச்சிட்டன். நாளைக்கு மற்றப் பக்கம்."

"நான் அப்பாட்டைச் சொன்னனான். ரண்டு கையும் உள்ளவன் ஏலாது எண்ட வேலை, உங்களுக்கு ஒரு கை போதும்."

குகதாசன் சிரித்த சத்தம் கேட்டது. சுபாஜினி தண்ணீர்த் தொட்டியடியில் நின்று நகத்துக்குள் இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இரவு அவள் புட்டைக் கோப்பையில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். இரண்டு பேரும் கேட்டார்கள். மகள் எழும்பிப் போன பிறகு சுபாஜினி சொன்னது ஒரே வசனம்தான்.

"ஒரு கை போதுமாமே."

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் குகதாசன் வலது சில்லைக் கழட்டினான். எட்டு மணிக்கு அவள் பழைய வீட்டுச் சட்டையோடு வந்து, கழுவிய கையைக் காற்றில் உலர்த்திக்கொண்டு குந்தினாள். நேற்றைய கதையை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை.

வலது பக்கத்தில்தான் கோளாறு இருந்தது. கழட்டிய பாட் ஒரு முனையில் தடிப்பாயும் மறு முனையில் தகடுபோலவும் தேய்ந்திருந்தது.

"இஞ்சை பாரும்," என்று காட்டினான். "இந்த முனையைத் தள்ளவேண்டிய பிஸ்டன் இறுகிப்போச்சு. மூண்டு வேலை செய்யுது, ஒண்டு சும்மா இருக்குது. அதாலைதான் வண்டி மற்றப் பக்கம் இழுத்தது."

"தள்ளிப் பாப்பமோ?"

அவள் தள்ளினாள். அசையவில்லை. அவன் தன் வலது கைப் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. அதை எடுக்க ஒரு வழிதான் இருந்தது. நல்ல மூன்று பிஸ்டனையும் வெளியே வரவிடாமல் பலகையும் பிடியும் போட்டுத் தடுத்துவிட்டு, பிறேக் பெடலை ஒரு மயிரிழை மிதிக்கவேண்டும். பலம் முழுவதும் இறுகின பிஸ்டனுக்குப் போகும். அது கொஞ்சம் வெளியில் வந்ததும் சுற்றிவரத் துப்பரவாக்கி, பிறேக் ஒயில் தடவி, திரும்ப உள்ளே தள்ளவேண்டும். பிறகு திரும்ப மிதி. இளகும் வரைக்கும் அப்படியே. கூட மிதித்தால் பிஸ்டன் கழன்று விழுந்து ஒயில் முழுவதும் முற்றத்தில் ஓடும். அதோடு ஹற்றன் பயணமும் முடிந்துவிடும்.

"அப்ப பெடலுக்கு நீங்கள்தான் இருக்கவேணும்," என்றாள் சுபாஜினி. "எனக்கு எவ்வளவு எண்டு தெரியாது. நான் இதிலை நிண்டு பாத்துச் சொல்லுறன்."

அவன் காருக்குள் ஏறி இருந்தான். கதவு திறந்திருந்தது. உயர்த்திய பொனற்றும் சில்லுக்கு மேலிருந்த மட்காட்டும் மறைக்க, அவளுடைய தலைமயிர் மட்டும் தெரிந்தது. காலைப் பெடலில் வைத்தான்.

"மிதியுங்கோ."

கால் இறங்கவில்லை.

"கேக்குதே? மிதியுங்கோ."

"கையை எடுத்திட்டீரோ?"

"எடுத்திட்டன்."

"வடிவாய்ப் பாத்தனீரோ?"

"எடுத்திட்டன் எண்டுறன்."

அன்றைக்குக் கராச்சில் அவனும் ஏதோ சொன்னான். உள்ளே இருந்தவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. இப்போது உள்ளே இருப்பவன் அவன். வியர்வை கழுத்தால் ஓடியது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

"சுபா, எனக்கு ஏலாது. விடுவம். ஜெரோசனுக்கு வான் பிடிக்கச் சொல்லுவம்."

பிறகு மட்காட்டுக்கு மேலால் இரண்டு கைகள் எழும்பின. மணிக்கட்டு வரை கரி. பத்து விரலும் விரிந்திருந்தன.

"எண்ணிப் பாருங்கோ," என்றாள் அவள்.

அவன் எண்ணினான். உண்மையிலேயே வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். பத்து வந்ததும் காலை மெல்ல அமத்தினான்.

"காணும், காணும். வந்திட்டுது. ஒரு நெல்லளவு வந்திருக்கு."

அவன் காலை எடுத்தான். அவள் சுரண்டிக் கழுவி ஒயில் தடவித் தள்ளும் சத்தம் கேட்டது. திரும்ப இரண்டு கைகளும் எழும்பின. திரும்ப எண்ணினான். ஒவ்வொரு முறையும் எண்ணினான், ஒவ்வொரு முறையும் அவள் பொறுமையாய்ப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாம் தரமோ ஒன்பதாம் தரமோ, பத்தை எண்ணி முடித்ததும் கால் தயங்காமல் இறங்கியது.

"இஞ்சை வாங்கோ," என்று கூப்பிட்டாள்.

அவன் இறங்கிப் போனான். சுபாஜினி பெருவிரலால் அந்தப் பிஸ்டனைத் தொட்டு அமத்தினாள். மற்ற மூன்றையும் போல அது உள்ளே போனது.

"பாத்தியளே," என்றாள். அந்த ஒரு சொல்லில் இருந்த பெருமையை அவன் பத்தொன்பது வருடத்தில் பல முகங்களில் கண்டிருக்கிறான். முதல் எஞ்சினை ஓடவிட்டவர்களின் முகத்தில் வரும். அவன் முகத்திலும் ஒருநாள் வந்தது.

நாலு மணிக்குச் சில்லு இரண்டும் பூட்டியாயிற்று. பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பிஸ்டன்கள் பாட்டோடு வந்து சேரும் வரை பார்த்தான். முதலில் நிலம் வரை போன பெடல் பிறகு கல்லுப்போல நின்றது. ஒயில் மட்டத்தைச் சரிபார்த்தான். முற்றத்தைக் கூட்டும்போது, புது பாட்டை ஓடிப் பழக்குவது எப்படி என்று சுபாஜினிக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஆறு மணிக்கு ஜெரோசனோடு சிமியோனும் வந்தார். அறுபத்தைந்து வயதுக்குத் திடமான ஆள், இடுப்பில் வெள்ளைச் சாரம், கழுத்தில் சிலுவை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கடலில் எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர், மற்றவரின் வேலையை வாயால் சொன்னால் நம்பமாட்டார். குகதாசன் கழட்டிய பாட்டைக் காட்டி, ஒரு பிஸ்டன் இறுகியிருந்ததைச் சொன்னான். சிமியோன் பாட்டை வாங்கித் தடிப்பையும் மெல்லிசையும் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"உப்புத்தானே," என்றார்.

"உப்புத்தான்."

சுபாஜினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். சேலை மாற்றியிருந்தாள். சிமியோன் கோப்பையை எடுக்கும்போது அவளுடைய விரல்களைக் கண்டார்.

"என்ன பிள்ளை, நகமெல்லாம் கரி?"

சுபாஜினி தட்டத்துக்குக் கீழே விரல்களை மடித்தாள். "சட்டி தேய்ச்சனான், ஐயா."

சொல்லிவிட்டு அவள் குகதாசனைப் பார்க்கவில்லை. திரும்பிக் குசினிக்குப் போகத் தொடங்கினாள்.

"சட்டியில்லை, சம்மாட்டியார்," என்றான் குகதாசன். "பிறேக் கரி."

அவள் நின்றாள்.

"எட்டுப் பிஸ்டனையும் உள்ளுக்குத் தள்ளினது அவ. இறுகினதை இளக்கினதும் அவதான். நேற்று ஜெரோசனுக்கு நான் முடிச்சிட்டன் எண்டு சொன்னனான். அது பிழை. எங்கை என்ன செய்யவேணும் எண்டு எனக்குத் தெரியும், செய்ய ரண்டு கை வேணும். கை அவவின்ரை."

காற்று படங்கை அடித்துக்கொண்டிருந்தது. ஜெரோசன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். சிமியோன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை மதிலில் வைத்தார்.

"தம்பி, நான் ஒளிக்காமல் கதைக்கிறவன். மனுசியையும் மனுசியின்ரை தமக்கையையும் ஏத்திக்கொண்டு நான் மலை இறங்கப்போறன். இடியப்பம் அவிக்கிற பிள்ளை பூட்டின பிறேக்கிலை போறதெண்டால் யோசனையாய்த்தான் கிடக்கு."

"யோசிக்கிறது சரிதான்," என்றான் குகதாசன். "ஓடிப் பாப்பம். பூட்டின ஆளை ஏத்தி ஓடிப் பாக்காமல் நான் ஒரு வண்டியும் குடுத்ததில்லை." அவன் போய் முன் இடது கதவைத் திறந்தான். "சுபா, ஏறும்."

"நானோ? நீங்கள் முன்னுக்கு இருங்கோ."

"நான் பின்னுக்கு இருக்கிறன், சம்மாட்டியாரோடை. நீர்தான் பூட்டினது. ஏறும்."

நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற நேர் வீதியில் வாகனம் குறைவாக இருந்தது. அறுபதில் ஓடி, பத்துக்குக் குறையும் வரை உறுதியாய்ப் பிடித்து, முழுக்க நிறுத்தாமல் திரும்ப ஓடச் சொன்னான் குகதாசன். அப்படிப் பத்துத் தரம். முதல் தரம் ஜெரோசன் பயந்து பயந்து மிதித்தான். மூன்றாம் தரம் கார் தலை குனிந்து வீதியைக் கவ்விக்கொண்டது. சத்தமில்லை. ஐந்தாம் தரம் ஜெரோசன் ஸ்டியரிங்கிலிருந்து கையை ஒரு கணம் எடுத்துவிட்டுப் பிடித்தான்.

"இழுக்கேல்லை," என்றான். "நேராய் நிக்குது அப்பா."

ஏழாம் தரம் சிமியோன் மூக்கைச் சுளித்தார். "என்னவோ எரியுது. நிப்பாட்டு."

"நிப்பாட்டக்கூடாது," என்றாள் சுபாஜினி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வீதியைத்தான் பார்த்தாள். "புது பாட்டும் டிஸ்க்கும் ஒண்டோடை ஒண்டு சேருற மணம் அது. இப்ப நிப்பாட்டி மிதிச்சுக்கொண்டு இருந்தால் ஒரு இடத்திலை ஒட்டிப்பிடிச்சிடும். பத்தும் முடிய, பிறேக் பிடியாமல் ஆறுதலாய் ஓடவேணும். சூடு ஆறட்டும்."

ஜெரோசன் கண்ணாடிக்குள்ளால் பின்னால் இருந்த குகதாசனைப் பார்த்தான், சரியோ என்று கேட்பதுபோல. குகதாசன் யன்னலுக்கு வெளியே கடலேரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெரோசன் எட்டாம் தரத்துக்கு வேகம் எடுத்தான்.

பாலத்தைக் கடந்து ஆறுதலாய்த் திரும்பி வந்தபோது இருள் விழத் தொடங்கியிருந்தது. கொக்குகள் தண்ணீருக்குள் ஒற்றைக்காலில் நின்றன. அரியாலைச் சந்தியடியில் சிமியோன் முன்னால் சாய்ந்தார்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ ஐயா."

"நம்பிப் போகலாமோ?"

சுபாஜினி பின்னால் திரும்பினாள். "போயிட்டு வாங்கோ," என்றாள். "இறக்கத்திலை கியரைக் குறைச்சு வரச் சொல்லுங்கோ. பிறேக்கிலையே தொங்கவேண்டாம். வந்தாப் பிறகு ஒருக்கால் கொண்டாங்கோ, கழட்டிப் பாப்பம்."

"சரி பிள்ளை," என்றார் சிமியோன். சாய்ந்து இருந்துகொண்டார். பக்கத்தில் இருந்த குகதாசனின் முழங்காலில் ஒருமுறை தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குக் குகதாசனின் போன் அடித்தது. பின்னால் ஆட்களின் சிரிப்பும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. ஜெரோசன்.

"எப்பிடித் தம்பி, போய்ச் சேந்தியளோ?"

"ஓம் அண்ணை, ஞானஸ்நானமும் முடிஞ்சுது. இஞ்சை ஒரு இறக்கத்திலை லொறி ஒண்டு குறுக்காலை வந்திட்டுது. அண்ணை, போனை அக்காட்டைக் குடுங்கோ. அப்பா கதைக்கவேணுமாம்."

சுபாஜினி கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். குகதாசன் போனை அவளுடைய காதில் பிடித்தான்.

"ஓம் ஐயா... ஓம்... எத்தினை அடி தூரத்திலை நிண்டது?... இடப்பக்கம் இழுத்ததோ?... கத்தினதோ?... அப்ப சரி. எல்லாருக்கும் சுகம்தானே? பிள்ளைக்கு என்ன பேர்?..."

அவன் கையை மாற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றான். தோள் உளைந்தது. சுபாஜினி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆறுதலாய்க் கதைக்கத் தொடங்கினாள். கியரைப் பற்றிக் கேட்டாள், திரும்பி வருகிற வழியைப் பற்றிக் கேட்டாள்.

வேலிக்கு மேலால் தங்கமுத்து எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, ஆர் போனிலை? இவ்வளவு நேரமாய் நிக்கிறாய்."

"கராச் அலுவல் அக்கா," என்றான் குகதாசன். "மெக்கானிக்கோடை கதைக்கினம்."